‘சர்வரை அடைய இயலவில்லை’



கைப்பேசியின் முகப்பில் தோன்றிக் கற்றவரையும் கல்லாதவரையும் ஒருங்கே திகைக்கவைக்கும் வாசகம் ஒன்று உண்டு. ‘சர்வரை அடைய இயலவில்லை, சற்று நேரம் கழித்து முயலவும்’ என்பதே அது. தாராவியில் வாழும் ஒருவர், ஊரில் நேர்ந்த துக்கத்தைக் கேள்வியுற்று, திருநெல்வேலிக்குத் தட்கல் சீட்டுப் பெற முற்பகல் 11 மணியை எதிர்நோக்கி அமர்ந்திருப்பார். அவ்வேளையில் அது தோன்றும். செம்பூரில் மகன் வீட்டில் வாழும் ஓய்வூதியர், நவம்பர் மாதத்தில் ‘ஜீவன் பிரமாண்’ எனப்படும் உயிர்வாழ் சான்றை அனுப்ப முயல்வார், அப்போது தோன்றும். மாதுங்காவின் சந்தையில் காய்கறி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பணம் செலுத்தக் கைப்பேசியை எடுக்கும் அம்மையாருக்கும் அது தோன்றும்.

அவ்வாசகத்தைக் கண்டதும் நம்மவர் காணும் முடிவு ஒன்றே: ‘சர்வர் டவுன்.’ அதன்பின் செய்வன இரண்டு. ஒன்று, நாள் முழுதும் காத்திருப்பது. மற்றொன்று, தெருமுனையில் உள்ள முகவரிடம் கைப்பேசியையும் கடவுச்சொல்லையும் சேர்த்தே ஒப்படைப்பது. முதலாவதில் பொழுது போகிறது. இரண்டாவதில் சிற்சில வேளைகளில் பணமும் போகிறது. இவ்விரண்டுக்கும் இடமின்றி, பழுது எங்கே உள்ளது என்பதை நாமே கண்டறியும் வழியை இப்பேச்சில் காண்போம்.

முதலில் அவ்வாசகத்தின் பொருளை நோக்குவோம். ஆங்கிலத்திலிருந்து நாள்தோறும் தமிழாக்கம் செய்யும் தொழிலில் இருப்பவர்க்கு, இத்தகைய வாசகங்களில் எழுவாய் மறைந்து நிற்பது எளிதில் புலனாகும். ‘அடைய இயலவில்லை’ என்றால், அடைய இயலாதவர் யார்? நமது கைப்பேசி. அது தன் இயலாமையைத்தான் கூறுகிறதே அன்றி, சர்வர் பழுதுற்றது என்று கூறவில்லை. ‘அண்ணாச்சியைப் பார்க்க முடியவில்லை’ என்று ஒருவன் திரும்பி வந்து சொன்னால், அண்ணாச்சிக்கு உடல்நலம் இல்லை என்று நாம் முடிவு கட்டுவதில்லை. பேருந்து தவறியிருக்கலாம், வழி அடைபட்டிருக்கலாம், வீட்டு எண் மாறியிருக்கலாம், வாயிற்காவலர் திருப்பி அனுப்பியிருக்கலாம். இந்த நான்கையும் விசாரித்த பின்னரே அண்ணாச்சியின் நலம் பற்றிக் கேட்கிறோம். சர்வர் விஷயத்தில் மட்டும் ஐந்தாவது கேள்வியை முதலில் கேட்டு, விடையையும் நாமே சொல்லிவிடுகிறோம்.

சர்வர் என்பது யாது?

மாதுங்காவின் உணவகங்களில் சர்வர் என்றால் பரிமாறுபவர். கணிப்பொறி உலகிலும் பொருள் ஏறக்குறைய அதுவே. கேட்டதை எடுத்துத் தருவதற்கென்றே இரவும் பகலும் காத்திருக்கும் கணிப்பொறிக்குச் சர்வர் என்று பெயர். வேறுபாடு ஒன்று உண்டு. உணவகத்துச் சர்வர் நம் மேசைக்கு வருகிறார். கணிப்பொறிச் சர்வர் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. நமது வேண்டுகோள்தான் அதனைத் தேடிச் செல்லவேண்டும்.

ரயில் முன்பதிவையே எடுத்துக்கொள்வோம். டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய 5 நகரங்களில் தனித்தனியே இயங்கிவந்த ரயில்வே முன்பதிவுக் கணிப்பொறிகள், 1999 ஏப்ரலில் ஒரே வலையாக இணைக்கப்பட்டன. 2002 ஆகஸ்டு 3 முதல் ஐ.ஆர்.சி.டி.சி. வலைத்தளத்தின் வாயிலாக வீட்டிலிருந்தே சீட்டுப் பதிவு செய்யும் வசதி வந்தது. தாராவியின் 90 அடிச் சாலையிலிருந்து புறப்படும் ஒரு வேண்டுகோள், நமது கருவி, செல்லும் வழி, சேரவேண்டிய முகவரி, வாயிற்காவலாகிய கணக்கு என்னும் நான்கு படிகளையும் கடந்த பின்னரே சர்வரின் முன் நிற்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற் படி: கருவி

கைப்பேசியின் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்பதே முதற் கேள்வி. இது பலருக்கு வியப்பாக இருக்கும். பாதுகாப்பான வலைத்தளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று அதில் குறித்திருக்கும். நமது கைப்பேசி தன் கடிகாரத்தைப் பார்த்தே அதனை ஏற்கிறது. தேதி தவறானால், நல்ல சான்றிதழும் காலாவதியானதாகத் தோன்றும், இணைப்பு மறுக்கப்படும். அமைப்புகளில் தேதியையும் நேரத்தையும் ‘தானியங்கி’ என்று வைத்துவிட்டால் இக்குறை எழாது.

அடுத்தது, இரு சிம் அட்டைகள். மும்பையில் வாழும் தமிழர் பலர் ஊரிலிருந்து கொணர்ந்த எண் ஒன்றும், இங்கு வாங்கிய எண் ஒன்றுமாக ஒரே கைப்பேசியில் வைத்திருக்கின்றனர். டேட்டா எந்த அட்டையின் வழியாகச் செல்லவேண்டும் என்று அமைப்பில் குறித்திருக்கும். பணம் கட்டாத அட்டை அங்கே குறிக்கப்பட்டிருந்தால், மற்றொன்றில் எவ்வளவு டேட்டா இருந்தும் பயனில்லை. புதிய நிறுவனத்துக்கு மாறியவர்க்கு மற்றொரு தொல்லை நேர்வதுண்டு. ‘ஏ.பி.என்.’ என்னும் நுழைமுனைப் பெயர் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனியானது. பழைய நிறுவனத்தின் பெயர் அங்கே தங்கிவிட்டால், அழைப்புப் பேசலாம். இணையம் மட்டும் வாராது. அவ்விடத்தில் ‘ரீசெட்’ என்பதைத் தொட்டால், புதிய நிறுவனத்துக்குரிய பெயர் பெரும்பாலும் தானே அமைந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘நெட்வொர்க் ரீசெட்’ வேறு; ‘பேக்டரி ரீசெட்’ வேறு. முன்னது சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் போன்ற இணைப்பு அமைப்புகளைத் துடைக்கும். பின்னது கைப்பேசியில் உள்ள படங்களையும் பதிவுகளையும் முற்றிலும் அழித்துவிடும். இணைப்புக் கோளாறுக்குப் பின்னதைச் செய்வது, சாவி காணவில்லை என்று வீட்டை இடிப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் படி: வழி

வைஃபை அடையாளத்தின் கோடுகள் முழுமையாக இருந்தும் இணையம் வரவில்லையே என்று வியப்போர் உளர். அக்கோடுகள் கூறுவது, நமக்கும் சுவரில் மாட்டிய ரவுட்டர் பெட்டிக்கும் இடையேயான நெருக்கத்தை மட்டுமே. பெட்டிக்கு அப்பால் தெருவில் செல்லும் கம்பி அறுந்திருந்தாலும் கோடுகள் குறைவதில்லை. வாசற்குழாய் பளபளப்பாக இருப்பதனால் தொட்டியில் நீர் உண்டு என்று கொள்ளலாகாதன்றோ?

ஆகவே வைஃபையை அணைத்துவிட்டுக் கைப்பேசியின் டேட்டாவில் முயல்க. அதில் தளம் திறந்தால் பழுது பெட்டியிலோ கம்பியிலோ உள்ளது. மேசைக் கணிப்பொறி வைத்துச் சிறுதொழில் நடத்துவோர் இன்னொன்றும் பார்க்கலாம். கணிப்பொறியின் இணைய எண் 169.254 என்று தொடங்குமானால், ரவுட்டர் அதற்கு எண் வழங்கவில்லை என்பது பொருள். பெட்டியை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் இயக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

தாராவி போன்ற நெருக்கமான பகுதியில் தகரக் கூரையும் தகரச் சுவரும் மிகுதி. உலோகத் தகடு வானொலி அலையைத் திருப்பிவிடும் இயல்புடையது. கைப்பேசியைச் சன்னலோரம் கொண்டுசென்றாலே இணைப்பு கிடைப்பதன் காரணம் இதுவே. ரயில் நிலைய வைஃபையின் இயல்பு வேறு. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில் தொடங்கிப் பிற நிலையங்களுக்கும் பரவிய இவ்வசதியில், முதலில் ஒரு நுழைவுப் பக்கம் திறந்து கைப்பேசி எண்ணைக் கேட்கும். அதனை நிறைவு செய்யாதவரை, ‘இணைந்துள்ளது’ என்று காட்டினும் எத்தளமும் திறவாது.

நெடுவழியே அறுபடுவதும் உண்டு. 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கடலடிக் கம்பிகள் இரண்டு அறுந்தமையால், இந்தியாவின் வெளிநாட்டு இணையப் போக்குவரத்து பெரிதும் தளர்ந்தது. அதுபோன்ற நாளில் அயல்நாட்டுத் தளங்கள் திணறும். உள்நாட்டுத் தளங்கள் இயங்கும். எது திறக்கிறது, எது திறக்கவில்லை என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்ல சோதனை.

மூன்றாம் படி: முகவரி

தாராவியின் அஞ்சல் குறியீட்டெண் 400017, மாதுங்காவுக்கு 400019, செம்பூருக்கு 400071. தாராவிக்கு எழுதும் கடிதத்தில் கடைசி இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டால் அது செம்பூருக்குப் போய்ச் சேரும். எழுதியவர் மேலும் குற்றமில்லை, பெறுபவர் மேலும் குற்றமில்லை, எண்ணில்தான் குற்றம். இணையத்திலும் இவ்வாறே ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் எண் உண்டு. மனிதர் எண்ணை நினைவில் வைப்பதரிது. பெயரையே நினைவில் வைப்பர். பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டுக்கு ‘டி.என்.எஸ்.’ என்று பெயர். 1983-இல் பால் மாக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் அதனை வகுத்தார். அதுவே இணையத்தின் பெயரேடு எனலாம்.

பெயரேடு கிடைக்காவிடின் சர்வர் நலமாக இருந்தும் பயனில்லை. 2021 அக்டோபர் 4-ஆம் நாள் இரவு வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகிய மூன்றும் உலகெங்கும் ஏறத்தாழ 6 மணி நேரம் மறைந்தன. அந்நிறுவனத்தின் உள்வலை அமைப்பில் செய்த ஒரு மாற்றத்தால், அதன் பெயரேட்டுச் சர்வர்களுக்குச் செல்லும் வழியே இணையத்திலிருந்து நீங்கிவிட்டது. அமைப்பில் நேரும் ஒரு பிழை எவ்வளவு பெரிய நிறுவனத்தையும் காணாமற்போகச் செய்யும் என்பதற்கு இது சான்று.

நம் கைப்பேசியில் இத்தகைய பிழை மூன்று வகையில் நேர்கிறது. ஒன்று, விளம்பரம் தடுப்பதற்காக யாரோ சொல்லக் கேட்டு ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ என்னும் இடத்தில் ஒரு பெயரை இட்டிருப்போம். அச்சேவை நின்றுவிட்டால் எல்லாத் தளங்களும் நின்றதுபோல் தோன்றும். அதனைத் ‘தானியங்கி’ என்று மாற்றுக. இரண்டு, ‘வி.பி.என்.’ என்னும் மறைவழிச் செயலி. அது நம்மை வேறு நாட்டிலிருந்து வருபவராகக் காட்டவல்லது. வெளிநாட்டு எண்ணிலிருந்து வரும் அழைப்பை அரசுத் தளங்களும் வங்கித் தளங்களும் மறுப்பதுண்டு. ஆகவே அதனை அணைத்துவிட்டு முயல்க. மூன்று, பழைய முகவரி. வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது. முன்பு குறித்துவைத்த முகவரியையே தட்டிக்கொண்டிருப்பவர், வங்கியின் சர்வர் மேல் குறைகூறுவதற்கில்லை. முகவரி மாறியதா என்பதை வங்கிக் கிளையிலோ கணக்குப் புத்தகத்திலோ பார்த்தறிதல் நன்று. குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொட்டு அறிதல் தீது.

நான்காம் படி: கணக்கு

இதுவரை கூறியவை எவருக்கும் பொதுவானவை. இனிக் கூறுவது ஊர்விட்டு ஊர் வந்த நமக்கே சிறப்பாக உரியது. வழியும் முகவரியும் சரியாக இருந்தும், வாயிற்காவலர் நம்மை அறியாவிடின் உள்ளே விடமாட்டார். அவர் நம்மை அறிவது இரண்டு அடையாளங்களால்: ஒன்று கைப்பேசி எண், மற்றொன்று பெயர். இடம் பெயர்ந்தவர்க்கு இவ்விரண்டும் ஒருங்கே தடுமாறுகின்றன.

எண்ணை முதலில் நோக்குவோம். ஊரில் இருந்தபோது ஆதாருக்கும் வங்கிக்கும் கொடுத்த எண் ஒன்று. மும்பைக்கு வந்து சில ஆண்டுகளில் அதற்குப் பணம் கட்டாமல் விட்டுவிடுகிறோம். அது செயலிழக்கிறது. செயலிழந்த எண்ணை 90 நாள் கழிந்தபின் நிறுவனம் வேறொருவர்க்கு வழங்கலாம். அதன்பின் நமக்கு வரவேண்டிய ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் குறியெண், முன்பின் அறியாத ஒருவரிடம் செல்லும்.

2025 ஜூலை 1 முதல், ஐ.ஆர்.சி.டி.சி.யின் தளத்திலும் செயலியிலும் தட்கல் சீட்டு, ஆதாரால் சரிபார்க்கப்பட்ட கணக்கு உடையவர்க்கே கிடைக்கும் என்று விதியாயிற்று. ஜூலை 15 முதல் ஆதாருடன் இணைந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யும் வேண்டியதாயிற்று. ஆகவே ஆதாரில் பழைய எண்ணையே வைத்திருப்பவர், 11 மணிக்கு எத்தனை விரைவாக விரலை அசைத்தாலும் பயனில்லை. அவர் கூறும் ‘சர்வர் கோளாறு’ உண்மையில் எண் கோளாறே. அதனை ஆதார்ச் சேவை மையத்தில் நேரில் சென்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது துக்கச் செய்தி வந்த காலையில் செய்யத்தக்க வேலை அன்று. ஓய்வான ஒரு நாளில் முன்கூட்டியே செய்யவேண்டியது.

பணம் அனுப்பும் யு.பி.ஐ. செயலிக்கும் இது பொருந்தும். புதிய கைப்பேசியில் அதனைப் பதியும்போது, வங்கிக்குத் தந்த எண்ணின் சிம் அட்டையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி தானாகவே புறப்படும். அந்த அட்டை கைப்பேசியிலேயே இருக்கவேண்டும். செய்தி அனுப்பும் வசதியும் அதற்கு இருக்கவேண்டும். அழைப்பை ஏற்கமட்டுமே உயிரோடு வைத்திருக்கும் ஊர் எண்ணிலிருந்து செய்தி வெளியேறாது, பதிவும் நடவாது. சிம் அட்டையைத் தொலைத்துப் புதியது வாங்கியவர்க்கு முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி நிறுத்திவைக்கப்படும் என்பது, மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை 2022-இல் வகுத்த ஏற்பாடு. அந்நேரத்தில் பதியமுயன்று தோற்றவர் கவலைப்பட வேண்டுவதில்லை. மறுநாள் முயன்றால் போதும்.

எண்ணைக் கைவிடாமலே இடம் மாறலாம் என்பதைப் பலர் அறியார். 2015 ஜூலை 3 முதல், ஒரு மாநிலத்து எண்ணை மற்றொரு மாநிலத்திலும் அப்படியே வைத்துக்கொண்டு நிறுவனம் மாறும் உரிமை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. 1900 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி இதனைத் தொடங்கலாம். திருநெல்வேலியில் பெற்ற எண்ணை மும்பையிலும் உயிரோடு வைத்திருப்பவர்க்கு, மேற்கூறிய இடர்களுள் பெரும்பாலானவை எழுவதில்லை. எண்ணை விடத்தான் வேண்டும் என்றால், ஆதார், வங்கி, ரயில் கணக்கு, வருங்கால வைப்பு நிதி ஆகிய நான்கிலும் புதிய எண்ணைப் பதிந்த பின்னரே பழையதை விடுக.

இனிப் பெயர். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் இடுவது நம் மரபு. தம் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்றையும் அடுக்குவது மராத்தியர் மரபு. இங்குள்ள பள்ளியிலோ தொழிற்சாலையிலோ படிவத்தை நிரப்புபவர், ‘குடும்பப் பெயர் யாது?’ என்று கேட்கிறார். நாம் ஒருமுறை தந்தை பெயரைக் கூறுகிறோம். மறுமுறை ஊர்ப் பெயரைக் கூறுகிறோம். அதன் விளைவாக, ஆதாரில் ‘மா. முருகன்’ என்றிருப்பவர் வங்கியில் ‘முருகன் மாரியப்பன்’ ஆகிறார். வைப்பு நிதியில் ‘மாரியப்பன் முருகன்’ ஆகிறார். மனிதர் பார்த்தால் மூவரும் ஒருவரே. கணிப்பொறி பார்த்தால் மூவர். பெயரும் பிறந்த தேதியும் ஒத்துவராவிடின் அது சரிபார்ப்பை மறுத்துவிடும். நாமோ சர்வரை நோவோம்.

இதற்குத் தீர்வு, ஓர் ஆவணத்தை அடிப்படையாகக் கொண்டு மற்றவற்றை அதற்கு இணங்கத் திருத்துவதே. ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறையும், பிறந்த தேதியை ஒரு முறையும் மட்டுமே திருத்தலாம் என்பது பொதுவிதி. ஆகவே எழுத்துக்கூட்டலை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிப் பார்த்து, மையத்தில் திரையில் தெரிவதனோடு ஒப்பிட்ட பின்னரே ஒப்புதல் தருக. பல ஆண்டு தொடாத ரயில் கணக்கும் திறந்து பார்க்கத்தக்கது. ஐயத்துக்கிடமான இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட கணக்குகள் முடக்கப்பட்டதாக 2025-இல் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

ஐந்தாவதாகவே சர்வர்

நான்கு படிகளும் சரியாக இருந்தால்தான் சர்வர்மேல் ஐயம் கொள்ளல் முறை. அதற்கும் ஓர் அடையாளம் உண்டு. பிழைவாசகத்தோடு மூன்று இலக்க எண் ஒன்று வருமானால் அதன் முதல் இலக்கத்தைப் பார்க்க. 4-இல் தொடங்கினால் குறை கேட்டவர் பக்கம்: 401 என்றால் ‘நீ யார் என்பது நிறுவப்படவில்லை’, 403 என்றால் ‘உனக்கு அனுமதியில்லை’, 404 என்றால் ‘நீ கேட்ட பக்கம் இங்கில்லை’, 429 என்றால் ‘அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டாய்’. 5-இல் தொடங்கினால் குறை தருபவர் பக்கம்: 500, 502, 503, 504 ஆகியவை இவ்வகை. உணவகத்தில் பட்டியலில் இல்லாததைக் கேட்பது முன்னது. அடுக்களையில் அடுப்பு அணைந்துபோவது பின்னது. எண் 5-இல் தொடங்கினால் பொறுத்திருப்பதன்றி நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ரயில் முன்பதிவுத் தளம் இரவு 11.45 முதல் 12.20 வரை பராமரிப்புக்காக ஓய்வதும் இவ்வகையில் சேரும்.

பொறுத்திருத்தல் என்றால், பொத்தானை ஓயாமல் அழுத்துதல் அன்று. 2025 ஏப்ரல் 12-ஆம் நாள் நாடெங்கும் யு.பி.ஐ. பரிமாற்றம் தடைப்பட்டது. தாராவிக்கு எதிரே மித்தி ஆற்றுக்கு அப்பால் பாந்திரா–குர்லா வளாகத்தில் தலைமையகம் கொண்ட தேசிய கொடுப்பனவுக் கழகமே அதனை நடத்துகிறது. சில வங்கிகள் பரிமாற்றங்களின் நிலை யாது என்று அளவிறந்த முறை திரும்பத் திரும்ப வினவியதால் சுமை ஏறியதே காரணம் எனப் பின்னர்த் தெரியவந்தது. ஒரே கேள்வியைப் பலமுறை கேட்பதனாலேயே பதில் சொல்பவர் களைத்துவிழக்கூடும் என்பதை இது காட்டும். தனிமனிதர் அழுத்துவதில் வேறோர் இடரும் உண்டு: ஒரு பொருளுக்கு இருமுறை பணம் போய்விடும்.

பணம் நம் கணக்கில் கழிந்து, பெறுபவரைச் சேராவிடில் அஞ்சவேண்டா. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதற்குக் கெடு வகுத்தது. தனியாருக்கு அனுப்பிய யு.பி.ஐ. தொகை மறுநாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்தியது 5 நாளுக்குள்ளும் தானே திரும்பவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தரவேண்டும். ஆகவே பரிமாற்ற எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு வங்கியை அணுகுக.

கடைப்பிடிக்க வேண்டியவை

இவையனைத்தையும் சுருக்கிச் சொன்னால் முறை இதுவே. பிழைவாசகத்தை முழுவதும் படித்து, எண் இருந்தால் ஒரு தாளில் எழுதிக்கொள்க. தேதியைச் சரிபார்க்க. வேறொரு தளம் திறக்கிறதா என்று நோக்குக. வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறுக. வி.பி.என். இருந்தால் அணைக்க. பக்கத்து வீட்டார் கைப்பேசியில் அதே தளம் திறக்கிறதா என்று கேட்க. அங்குத் திறந்து இங்குத் திறவாவிடின், குறை நமது கருவியிலோ வழியிலோ அமைப்பிலோ உள்ளது. தளம் திறந்து, நுழைய மட்டும் முடியாவிடின், குறை கணக்கில் உள்ளது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. பலவற்றை ஒருங்கே மாற்றினால், எது தீர்த்தது என்பதும் தெரியாது, எது கெடுத்தது என்பதும் தெரியாது.

எந்நிலையிலும் கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் பிறரிடம் கூறற்க. ‘சர்வர் கோளாறைச் சரிசெய்கிறோம், வந்த எண்ணைச் சொல்லுங்கள்’ என்று தொலைபேசியில் ஒருவர் தமிழிலேயே இனிமையாகக் கேட்டாலும் கூறற்க. அயலூரில் தாய்மொழியைக் கேட்டதும் மனம் இளகுவது இயல்பு; வஞ்சகர் அதனை நன்கறிவர். பணம் பறிபோனால் சற்றும் தாமதியாது 1930 என்னும் எண்ணை அழைக்க. விரைந்து தெரிவித்தால், பணம் கைமாறுமுன் நிறுத்திவைக்க வழியுண்டு.

இம்மாநகரில் நம் முன்னோர்க்குக் கடிதம் எழுதிக் கொடுக்கவும் படித்துக் காட்டவும் தெருவுக்கு ஒருவர் இருந்தனர். அவர்கள் உறையைப் பிரித்தனரே அன்றிப் பெட்டிச் சாவியைக் கேட்டதில்லை. இன்று வீட்டில் உள்ள பள்ளி மாணவனோ மாணவியோ அப்பணியைச் செய்யலாம். பெரியவர்களின் கைப்பேசியில் வரும் வாசகத்தைப் படித்துப் பொருள் சொல்லட்டும். குறியெண்ணைப் பெரியவரே தம் கையால் இடட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை அமர்ந்து, ஆதாரில் உள்ள எண் எது, வங்கியில் உள்ள பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்னும் இரண்டையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அவசரமாக ஊருக்குப் புறப்படவேண்டிய நாளில் அக்குறிப்பு உங்களுக்குத் துணைநிற்கும்.